உழைக்கிற உடம்புக்கு உடற்பயிற்சி எதற்கு?

வாசகர் கடிதம்: "எனக்கு வயது 46. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருடமாகப் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை 10 மணிக்குப் போனால் இரவு 9 மணி வரை நின்றபடியேதான் வேலை. நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன மழைக்காலத்தில் மட்டும் மூன்று தடவை சளி, இருமல், காய்ச்சல் வந்தது. உடற்பயிற்சி செய்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று என் மகன் தினமும் காலை 4.45 மணிக்கு எழுப்பி, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாகப் பத்தாயிரம் அடி கணக்கு வைத்து நடக்க வைத்தான். மூன்றாவது வாரமே மறுபடியும் காய்ச்சல். படுத்த பிறகும் 'நடந்தால் சரியாகிவிடும்' என்கிறான். 'நாள் முழுக்க உழைக்கிற உடம்புக்கு உடற்பயிற்சி எதற்கு, படுத்து ஓய்வெடு' என்கிறார் மாமியார். பள்ளிக்கூடத்தில் வளையப்பந்து ஆடியவள் நான். ஆனால் இந்த நடையை நினைத்தாலே வெறுப்பாக இருக்கிறது. யார் சொல்வது சரி, டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உடற்பயிற்சியால் நோய் எதிர்ப்பாற்றல் மேம்படும் என்று உங்கள் மகன் சொன்னது உண்மை; அதை உங்களைச் செய்ய வைத்த முறைதான் தவறு. மாமியார் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு அவரே சொல்லிக்கொண்ட விடையை என்னால் ஏற்க முடியவில்லை. இவர்கள் இருவருடைய பேச்சையும் விட, வளையப்பந்து ஆடியதையும் இந்த நடை வெறுப்பாக இருப்பதையும் சேர்த்து நீங்கள் எழுதியிருக்கும் கடைசி வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அங்கே பிறகு வருகிறேன்.

முதலில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் ஓர் இளைஞர், ஆட்டச் சட்டையைக்கூட மாற்றாமல், கையில் ஒரு இரத்தப் பரிசோதனைத் தாளுடன் பதறிப்போய் என் கிளினிக்குக்கு வந்தார். சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்களின் எண்ணிக்கை அதில் 14,000-ஐத் தாண்டியிருந்தது. காய்ச்சல் இல்லை, தொண்டையில் புண் இல்லை, பல்லில் சீழ் இல்லை. விசாரித்தபோதுதான், ஒரு மணி நேரம் மைதானத்தில் ஆடிவிட்டு, ஆய்வுக்கூடம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டமாக ஓடி, மூச்சிரைக்க உட்கார்ந்து இரத்தம் கொடுத்திருந்தார் என்பது தெரிந்தது. மறுநாள் காலையில் ஓய்வாக இருந்தபோது எடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை 7,000-க்குச் சற்று மேல்தான் இருந்தது. நோய் எதுவும் இல்லாமலேயே, ஓடியதால் மட்டும் அத்தனை அணுக்கள் இரத்தத்துக்குள் வந்து நின்றிருந்தன. பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களிடம் இதே ஏற்றத்தை 1902-ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவர் பதிவு செய்திருக்கிறார்.

நாம் சும்மா இருக்கும்போது வெள்ளையணுக்களில் பெரும்பகுதி இரத்தக் குழாய்களின் சுவரோடு ஒட்டிக்கொண்டும், மண்ணீரலிலும் நுரையீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தங்கியும் இருக்கும். உடல் அசையத் தொடங்கி, இதயத் துடிப்பு ஏறி, அட்ரினலின் சுரந்ததும் அவை பிடியை விட்டு இரத்த ஓட்டத்தில் இறங்குகின்றன. அவற்றிலும், வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கும் 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' என்ற வகை அட்ரினலினுக்கு எல்லோருக்கும் முந்திச் செவிசாய்க்கும். பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இந்த எண்ணிக்கை மளமளவென்று இறங்கி, சில அணுக்களின் அளவு தொடங்கிய இடத்தையும் விடக் கீழே போய், பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் வெகு காலம் தவறாகப் புரிந்துகொண்டது. 1987-இல் லாஸ் ஏஞ்சலஸ் மராத்தானில் ஓடியவர்களிடம் டேவிட் நீமன் என்ற ஆய்வாளர் விசாரித்தபோது, அடுத்த ஒரு வாரத்தில் அவர்களில் 12.9 சதவீதம் பேர் சளி, தொண்டை வலி போன்ற தொல்லை வந்ததாகச் சொன்னார்கள். பயிற்சி எடுத்திருந்தும் அன்று ஓடாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.2 சதவீதம்தான். கடுமையான பயிற்சிக்குப் பிறகு எதிர்ப்பாற்றலின் கதவு சில மணி நேரம் திறந்து கிடக்கிறது, நோய் அந்த வழியாகப் புகுந்துவிடுகிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. ஆனால் பின்னாளில் எலிகளின் டி அணுக்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்களுக்கு அடையாளமிட்டுப் பார்த்தபோது, இரத்தத்தில் இருந்து காணாமல் போனவை நுரையீரலுக்கும் குடலின் நிணநீர்த் திட்டுகளுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. கிருமி உள்ளே வரக்கூடிய வாசல்களே நுரையீரலும் குடலும்தான். ஆகவே அந்த அணுக்கள் காவலுக்குப் போயிருக்கின்றன என்று கொள்வதே பொருத்தம் என்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெல், டர்னர் என்ற இருவர் 2018-இல் விரிவாக எழுதினார்கள். மராத்தான் ஓட்டக்காரர்களுக்குச் சளி பிடித்ததற்கு, கூட்டமும் பயணமும் தூக்கக் குறைவும் பதற்றமும் காரணமாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அது சளிதானா என்று எவரும் அப்போது பரிசோதித்துப் பார்க்கவும் இல்லை. கூட்டம், பயணம், தூக்கக் குறைவு, பதற்றம் என்ற இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; உங்கள் வீட்டுக் கதையிலும் இவற்றில் தூக்கக் குறைவும் பதற்றமும் இருக்கின்றன.

ஒரு நாள் ஓட்டத்தின் பலன் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். மாதக்கணக்கில் விடாமல் செய்யும்போதுதான் ஆழமான மாற்றம் வருகிறது, சர்க்கரை நோய் உள்ள உங்களுக்கு அதுவே மிகவும் தேவைப்படுவது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் உயர்ந்தே இருக்கும் சர்க்கரையும் உடலில் ஓர் அழற்சியை நீறு பூத்த நெருப்பாக வைத்திருக்கின்றன; கிருமி வரும்போது உடனே பாய வேண்டிய வெள்ளையணுக்கள் அந்தச் சூழலில் மந்தமாகிவிடுகின்றன. தசை சுருங்கி விரியும்போது அதிலிருந்தே இன்டர்லூக்கின்-6 என்ற ஒரு புரதம் இரத்தத்தில் கலக்கிறது என்பதை கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் என்ற மருத்துவரின் குழுவினர் காட்டினார்கள். இதே புரதம் நோய்க்காலத்தில் அழற்சியைத் தூண்டுவதாக அறியப்பட்டது. உழைக்கும் தசையிலிருந்து சிறிது நேரம் மட்டும் வரும்போதோ, அழற்சியைத் தணிக்கும் வேறு பொருள்களை அது கூட அழைத்து வருகிறது. இதோடு, வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலேயே இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தசையை அசைப்பதை மருந்தென்றே நான் என் நோயாளிகளிடம் சொல்வது இதனால்தான்.

வயது ஏறினால் எதிர்ப்பாற்றல் குறைவது விதி என்று நினைக்கிறவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பிதான் டி அணுக்களைப் பழக்கி வெளியே அனுப்பும் இடம். இளமைக்குப் பிறகு அது சுருங்கிக்கொண்டே போகும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2018-இல், பல ஆண்டுகளாக மிதிவண்டி ஓட்டி வந்த 55 முதல் 79 வயதுவரையுள்ள 125 பேரைப் பரிசோதித்தபோது, தைமஸிலிருந்து புதிதாக வெளிவந்த டி அணுக்கள் அவர்களிடம் இளைஞர்களுக்கு நிகராக இருந்தன. அவர்கள் எவரும் பந்தயக்காரர்கள் அல்லர், விரும்பி ஓட்டியவர்கள்.

இதனால் இனிச் சளியே பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 1,002 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், வாரம் ஐந்து நாளும் அதற்கு மேலும் பயிற்சி செய்தவர்கள் சளியோடு கழித்த நாட்கள், ஏறத்தாழ அசையாமலே இருந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு. ஆனால் எத்தனை தடவை சளி வருகிறது என்பது பயிற்சியால் குறைகிறதா என்பதற்கு, இதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. வந்த சளி லேசாகவும் சீக்கிரமாகவும் போகும் என்று எதிர்பார்ப்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

இனி மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். கடையில் பத்து மணி நேரம் நிற்பதும், புடவையை உதறி விரித்துக் காட்டுவதும், மடித்து அடுக்குவதும் உழைப்புதான். அதை எவரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்த வேலையில் பெரும்பாலும் ஒரே மட்டத்திலேயே இருக்கின்றன. துடிப்பு ஏறுவதுமில்லை, ஏறியபின் இறங்கி இளைப்பாறுவதுமில்லை. காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்குகிறது, இடுப்பு இறுகுகிறது, நேரமோ வேகமோ உங்கள் கையில் இல்லை. பயிற்சி என்பது கொஞ்ச நேரம் உடலை உசுப்பிவிட்டு, பிறகு அது தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுப்பது. வேலையில் அந்த இரண்டாவது பகுதி இல்லை. உடலுழைப்பு மிகுந்த வேலையில் இருப்பவர்களுக்கு, ஓய்வு நேரத்தில் விரும்பி உடற்பயிற்சி செய்பவர்களுக்குக் கிடைக்கும் நன்மை கிடைப்பதில்லை என்பதை டென்மார்க்கில் பல ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன. கடைகளில் பணிபுரிபவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை, தயங்காமல் உட்காருங்கள். பயிற்சிக்குத் தேவையான தெம்பும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

விருப்பம் என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வுக்கூட எலிகளின் கூண்டில் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டால், யாரும் சொல்லாமலே அவை ஒரே இரவில் பல கிலோமீட்டர் ஓடும். நெதர்லாந்தில் திறந்த வெளியில் அப்படி ஒரு சக்கரத்தை வைத்துப் பார்த்தார்கள். காட்டு எலிகளும் தாமாக வந்து ஏறி ஓடிவிட்டுப் போயின. இப்படி விரும்பி ஓடிய எலிகளுக்கு, பிற்பாடு கடுமையான மன அழுத்தம் கொடுத்தபோதும் எதிர்ப்புப் புரதம் உண்டாகும் திறன் குன்றவில்லை என்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். அதே ஆய்வாளர்கள் வேறு எலிகளை எட்டு வாரம் ஓடும் பட்டையில் ஏற்றி, நின்றால் மின்னதிர்ச்சி என்று வைத்து ஓட வைத்தபோது, தசைக்குச் சில நன்மைகள் வந்தாலும் அட்ரினல் சுரப்பி வீங்கிப்போனது, தைமஸ் சுருங்கிப்போனது. எலியை வைத்து மனிதரை முழுக்க அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பகுதியில் மருத்துவம் பார்க்கும் எனக்கு, மிரட்டி நடக்க வைக்கப்பட்ட எவரும் ஆறு மாதம் தாண்டி நடந்ததாக நினைவில்லை.

இப்போது உங்களுக்குக் காய்ச்சல் வந்த அந்த மூன்று வாரத்தைப் பாருங்கள். கடை முடிந்து வீடு சேர்ந்து, சமையல்கட்டை ஒழித்துவிட்டுப் படுக்க எப்படியும் பதினொன்றரை ஆகியிருக்கும், 4.45-க்கு எழுந்தால் தூக்கம் ஐந்தேகால் மணி நேரம்தான். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சளி வைரஸை 164 பேரின் மூக்கில் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடித்த வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. நடைக்காக அதிகாலைத் தூக்கத்தைக் கொடுத்தது, ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் செலவழித்தது போலத்தான். அடுத்தது, நடந்த இடம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இஞ்சினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்கும் சாலை அது. வேகமாக நடக்கும்போது, சும்மா இருக்கும்போது இழுப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு காற்றை இழுக்கிறோம். புகையின் நுண்துகள் நுரையீரலின் ஆழத்துக்குப் போய், அங்கே காவலிருக்கும் அணுக்களையே செயலிழக்கச் செய்கிறது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் குளிர்ந்த காற்று புகையைத் தரையோடு அமுக்கி வைத்திருப்பதால் அது இன்னும் மோசம். பத்தாயிரம் அடி என்ற கணக்கும் மருத்துவர்கள் வகுத்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடக்கும் அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது அது. நாளைக்கு நாலாயிரம் அடி நடந்த முதிய பெண்களுக்கே நல்ல பயன் தெரிந்திருக்கிறது.

காய்ச்சலோடு நடக்கச் சொன்னதை மட்டும் உங்கள் மகன் இனி ஒருபோதும் செய்யக் கூடாது. இதை அவரிடம் கடிந்தே சொல்கிறேன். மூக்கொழுகல் மட்டும் என்றால் மெதுவாக நடப்பதில் தவறில்லை. காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி இருந்தால் பயிற்சி கூடாது, ஏனென்றால் சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும், அந்த நேரத்தில் இதயத்தை விரட்டுவது ஆபத்து. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆன பிறகு, வழக்கத்தில் பாதி அளவிலிருந்து தொடங்கலாம்.

படுத்து ஓய்வெடுத்தால் எல்லாம் சரியாகும் என்ற மாமியாரின் நம்பிக்கைக்கும் நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. காசநோய்க்காரர்களைச் சானடோரியத்தில் படுக்க வைத்துச் சத்துணவு கொடுத்தால்தான் குணமாவார்கள் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓய்வும் உணவும் குறைவாக இருந்த வீட்டு நோயாளிகளும் அதே அளவு குணமடைந்தார்கள் என்று 1959-இல் அறிவித்தார்கள். குணப்படுத்தியது மருந்து. இந்தச் செய்தியை உங்களுக்கு வேறொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். திரும்பத் திரும்ப வரும் இருமலை 'எதிர்ப்புச் சக்தி இல்லை' என்று சொல்லிக் கடந்துவிட வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையிலோ அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனை இலவசம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, மாலையில் காய்ச்சல் தலைகாட்டினாலோ உடனே போங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் ஓர் ஈசிஜியையும் பயிற்சி தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முறையாக உடற்பயிற்சி செய்யும் முதியவர்களிடம் அந்த ஊசியின் பாதுகாப்பு கூடுதல் காலம் நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், வளையப்பந்துக்குத் திரும்புங்கள் என்பதுதான் என் யோசனை. காலை ஆறேகாலுக்கு எழுந்தால் போதும். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியையே வலையாக நினைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, முதல் வாரம் பத்து நிமிடம் ஆடுங்கள். வளையத்தைப் பிடிக்க ஓரடி முன்னால் பாய்வதும், பின்னால் எட்டு வைப்பதும், கையை உயர்த்தி வீசுவதும் தெருவில் நேராக நடப்பதைவிட உடலுக்கு நிறைவான வேலை. பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது; அந்த அளவு வேகம் சரியானது. மெல்ல மெல்ல இருபத்தைந்து, முப்பது நிமிடமாக ஏற்றி, வாரம் ஐந்து நாள் என்று வந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் தானாகவே வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதையும் சுவரைத் தள்ளுவதையும் பத்துப் பத்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை மாடியில் பத்து நிமிடம் உலாவினால் அன்றைய சர்க்கரைக்கு அதுவே பெரிய உதவி. தீபாவளி, பொங்கல் வியாபார நாட்களில் இரவு வேலை நீண்டால், மறுநாள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தூங்குங்கள். அதில் குற்ற உணர்வே வேண்டாம்.

சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடிய கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது. இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டு, முந்தானையில் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடுங்கள். வெறுங்காலோடு மாடியில் ஆட வேண்டாம். முடிந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் அதோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மகனிடம் கோபம் வேண்டாம். அம்மாவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகிறதே என்ற தவிப்பில் செய்திருக்கிறார். கைப்பேசியை வைத்துவிட்டு மாடிக்கு வந்து எதிர்ப்பக்கம் நின்று வளையத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி-யை மறுபடி எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இடது கைப் பிடி இன்னும் பழையபடி வருகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.